லூர்துக்குப் போன சீனப் பயணம்

பீக்கிங்
5.10.1985

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். நீங்கள் பிராண்டே ஸ்டேஷனில் என் பைக்குள் திணித்துவிட்ட மிளகாய்த்தூள் போத்தலும் சுகமாக வந்து சேர்ந்தது. கஸ்ட்ரப் விமான நிலையத்தில் ஒரு அதிகாரி அதைத் திறந்து மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு விடாமல் தும்மினார். எங்கள் யென்ஸ் வாத்தியார் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போது சாப்பாட்டு மேசையில் டேனிஷ் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் போத்தலைத்தான் தேடுகிறார்கள். பாதி முடிந்துவிட்டது.

ஹோட்டலில் எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கினார்கள். என்னுடையது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் பத்திரம் அல்லவா, மேசையில் இருந்த பெண் அதை முன்னும் பின்னும் புரட்டினாள், இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள். மற்றவர்கள் அறைத் திறப்பை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டார்கள். நான் மட்டும் நின்றேன். யென்ஸ் திரும்பி வந்து, "இவள் எங்கள் பிள்ளை" என்று டேனிஷிலேயே சொன்னார். அவளுக்கு டேனிஷ் எங்கே தெரியப் போகிறது, ஆனாலும் திறப்பைத் தந்துவிட்டாள்.

நேற்றுப் பெருஞ்சுவருக்குப் போனோம். எங்களைப்போல் சுற்றிப்பார்க்க வந்த நாட்டுப்புறச் சீனர்கள்தான் அங்கே கூட்டம். அவர்கள் சுவரைப் பார்க்கவில்லை, என்னோடு அறையில் இருக்கிற கிர்ஸ்டனின் மஞ்சள் முடியையும் என் பின்னலையும்தான் பார்த்தார்கள். வழிகாட்டி லூ, நாங்கள் இரண்டு பேரும் டென்மார்க் என்று சொன்னார். அவளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். ஒரு மனிசி என் பின்னல் பொய்முடியோ என்று இழுத்தும் பார்த்துவிட்டாள். வலித்தது, ஆனால் கோபம் வரவில்லை.

அப்பா, ஒன்று எழுத வேண்டும். அம்மா இல்லாத பெட்டைப்பிள்ளையை ஒரு மாதம், இவ்வளவு தூரம், ஆண்பிள்ளைகளும் இருக்கிற கூட்டத்தோடு விட எத்தனை தகப்பன்மாருக்கு மனம் வரும்? நான் தங்கிப் படிக்கிற ஸ்கூல் தந்த தாளில் நீங்கள் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டபோது நான் அறைக்குள் போய் அழுதேன். உங்களுக்குத் தெரியாது.

ஹோட்டல் விலாசங்கள் உங்களிடம் இருக்கின்றன. இங்கே எழுதாதீர்கள், கடிதம் வரும்போது நான் போய்விட்டிருப்பேன். அடுத்த ஊருக்கு எழுதுங்கள். செபமாலைக்கு வருகிற எல்லோருக்கும் என் சுகம் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்
அமலராணி


மாதாவே துணை

பிராண்டே
7.10.85

என் அன்பு மகள் அமலராணிக்கு,

இங்கு நான் நலம். உன் கடிதம் இன்னும் வரவில்லை. வருவதற்கு நாள் காணாது என்று தெரிந்தாலும் தபால்காரனைக் கண்டால் கதவடிக்குப் போய்விடுகிறேன். இதை நீ சியான் நகரத்துக்கு வருமுன் சேரட்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

வேலை கூடிவிட்டது. நாங்கள் செய்கிற காற்றாலை இறக்கைகள் எல்லாம் அமெரிக்காவுக்குப் போகின்றனவாம். பசை மணம் சோற்றிலும் வருகிறது. கார் பழக்குகிற டேனிஷ்காரன் நான் கண்ணாடியைப் பார்க்கிறேன் இல்லை என்று ஒவ்வொரு நாளும் ஒரே பாட்டு.

இப்போது ஒன்று சொல்லப்போகிறேன். இருந்துகொண்டு வாசி.

நேற்று ஞாயிறு, ஒக்டோபர்ச் செபமாலை லூர்தம்மா அக்காவின் மகள் பவளராணி வீட்டில். சில்க்போர்க்கிலிருந்து மேரிசெலின் ரீச்சரும் மகன் கிறிஸ்துநாயகத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தா. ஏன் வந்தா என்று சொல்லத் தேவையில்லை. அவ மகனுக்காக உன்னைப் பற்றி விசாரிப்பது எனக்குக் கோடையிலேயே காதில் விழுந்தது. செபம் முடிந்து தேத்தண்ணி வருகிற நேரம் எல்லோருக்கும் கேட்க, "எங்கை, பிள்ளையைக் காணேல்லை?" என்றா.

நான் சீனா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கடவுள் சாட்சி. வீடு நிறைய ஆட்கள். அடுத்து ஆரோடை, எத்தினை நாள், எத்தினை பொடியள் என்று வரும் கேள்வியெல்லாம் ஒரேயடியாகத் தலைக்குள் வந்தது. "லூர்து மாதா கோயிலுக்குப் போயிட்டாள். ஸ்கூல் ஆக்களோடை" என்று வாய் சொல்லிவிட்டது. வாயை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் சரி. லூர்தம்மா அக்கா குசினிக்குள் இருந்து ஈரக் கையோடு வந்து என் முன்னால் நிலத்தில் இருந்துவிட்டா. அவவின் மகன் அந்தோனிமுத்துவைப் போன மார்கழி மன்னாரில் ராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனதும், இன்றுவரை ஒரு தகவலும் இல்லாததும் நீ அறிந்ததே. "எனக்குப் பேர் தந்த மாதா தம்பி. பிள்ளைக்கு எழுதும். அங்கை என்ர மோன்ர பேரை ஒருக்காச் சொல்லச் சொல்லும். அவன் இருக்கிறானெண்டு ஒருத்தரெண்டாலும் சொல்லோணும்" என்றா. நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆகவே எழுதுகிறேன். அங்கே ஏதாவது கோவில் கண்டால் போய் அவன் பெயரைச் சொல்லிவிடு. மாதா எல்லா இடமும் ஒரே மாதாதானே. கோபிக்காதே. திரும்பி வந்ததும் இரண்டு பேரும் யோசித்து ஒரு வழி பார்ப்போம்.

உன்னை நினைத்தபடி
அப்பா
இன்னாசித்தம்பி


மாதாவே துணை

பிராண்டே
14.10.85

என் அன்பு மகளுக்கு,

உன் பீக்கிங் கடிதம் இன்று வந்தது. அந்தச் சீன மனிசி பின்னலை இழுத்த இடத்தில் நான் தனியே இருந்து சிரித்தேன். ஹோட்டல் மேசையில் நீ நின்ற இடத்தை இரண்டாம் தரம் வாசிக்கவில்லை. யென்ஸ் வாத்தியாருக்கு ஒரு நாள் எங்கள் வீட்டில் நல்ல சாப்பாடு கொடுக்க வேண்டும்.

ஆனால் எனக்கு நடந்த தண்டனையைக் கேள். பெருஞ்சுவரில் ஏறி நின்ற எங்கள் இளவாலை ஊரின் முதல் பெட்டை என் மகளாகத்தான் இருப்பாள். இதை நான் ஒருவருக்கும் சொல்ல முடியாது. கடிதத்தை இடைவேளையில் ஒருக்கா, கக்கூசுக்குள் ஒருக்கா வாசித்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். "பிள்ளையின்ர கடிதம் வந்ததோ, லூர்து எப்பிடியாம்?" என்று கேட்கிறார்கள். நல்ல சனமாம், குளிராம் என்கிறேன்.

மேரிசெலின் ரீச்சர் டெலிபோன் எடுத்தா. "டென்மார்க்குக்கு வந்த பிறகும் இப்பிடி ஒரு பெட்டையோ. எங்களுக்கு வேறை ஒண்டும் தேவையில்லை அண்ணை" என்றா. பொடியனுக்குச் சில்க்போர்க்கில் கந்தோரில் எழுத்து வேலை, குடி இல்லை, தாய் சொல்லைத் தட்டாதவன். உனக்கும் பத்தொன்பது முடியப் போகிறது. நான் இல்லாத காலத்தில் உனக்கென்று இந்த நாட்டில் ஒரு குடும்பம் வேண்டாமா? சகல ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பிறகு வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறா. லூர்துத் தண்ணீரில் ஒரு போத்தல் தனக்கும் வேண்டுமாம். லூர்தம்மா அக்காவுக்கும் வேண்டும். இன்னும் மூன்று நாலு பேர். நீ வரும்போது அங்கே ஏதாவது கோவிலில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துவர முடியுமானால் பார். போத்தலில் சீன எழுத்து இல்லாமல் இருந்தால் நல்லது.

இன்னொன்று. ஹெர்னிங் கோவில் சுவாமி நவம்பர் இரண்டாம் திகதிப் பூசைக்கு மரித்தவர்களின் பெயர்களைக் கேட்டிருக்கிறார். வழக்கம்போல எங்கள் ஆட்களுடையதை நான்தான் டேனிஷ் எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நேற்றுச் செபமாலையில் இரண்டு பேர் லூர்தம்மா அக்காவிடம், மகனுடைய பெயரையும் எழுதிவிட்டால் ஆத்துமம் ஆறும் என்றார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். அவ செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய் மழைக்குள் நின்றா. நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். வரும்போது சொன்னா, "லூர்தாலை கடிதம் வரட்டும் தம்பி. பிள்ளை என்ன எழுதுதெண்டு பாப்பம்."

அவவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்ததில் இருந்து ஊர்க் கடிதங்களை நான்தானே வாசித்துக் காட்டுவது. பவளராணி பின்னேர வேலைக்குப் போனால் அவ கடிதத்தோடு எங்கள் கதவைத் தட்டுவா. இப்போது அந்தத் தட்டுக் கேட்டால் எழும்பிக் கதவைத் திறக்கச் சுணங்குகிறேன்.

குளிருக்கு உடுப்பு காணுமா?

அப்பா


சியான்
15.10.85

அப்பா,

உங்கள் ஏழாம் திகதிக் கடிதம் நேற்று இங்கே கிடைத்தது. மேலே மாதாவே துணை என்று எழுதிவிட்டுக் கீழே மாதாவின் பெயரிலேயே பொய் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

மேரிசெலின் ரீச்சரிடம் நீங்கள் லூர்து என்றாலும் றோமாபுரி என்றாலும் எனக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கும். லூர்தம்மா மாமியிடம் ஓம் என்றீர்களே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவ கேட்ட ஒன்றே ஒன்று அது. அதையும் இல்லாத இடத்துக்கு அனுப்பி வைத்திருக்கிறீர்கள்.

இன்று மண்ணுக்குள் இருந்து கிண்டி எடுத்த சிப்பாய்களைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு ராசாவின் கல்லறைக்குக் காவலாக மண்ணால் செய்து புதைத்த பட்டாளம். பெரிய கூரைக்குக் கீழே வரிசை வரிசையாக நிற்கிறார்கள். ஒரு முகம்போல் இன்னொன்று இல்லை என்று லூ பெருமையாகச் சொன்னார். டேனிஷ் பிள்ளைகள் ஆவென்று பார்த்தார்கள். எனக்கு ராணுவம் என்றால் மண்ணால் செய்ததும் சரிவராது. வெளியே வந்து இலந்தைப்பழம் விற்கிற ஒரு கிழவிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன். கிர்ஸ்டன் வந்து என்ன என்று கேட்டாள். எங்கள் ஆட்களில் ஒரு தாய்க்கு ஒரே மகன், அவனைப் பட்டாளம் கொண்டு போய்விட்டது, அவனுக்காகச் செபிக்க நான் வேறொரு நாட்டில் இருக்கிறேன் என்று அந்தத் தாய் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். டேனிஷில் சொல்லும்போதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று எனக்கே தெரிந்தது. கிர்ஸ்டன் கேட்டாள், "உன் அப்பா உன்னை நினைத்து வெட்கப்படுகிறாரா?"

அந்தக் கேள்வி உங்களுக்கு. நீங்கள் சொல்லுங்கள். என்னைச் சீனாவுக்கு விட்டது உங்களுக்குப் பெருமையா, வெட்கமா? பெருமை என்றால் ஏன் மறைக்கிறீர்கள்?

நான் முடிவாக எழுதுகிறேன். நவம்பர் இரண்டாம் திகதி கஸ்ட்ரப்பில் இறங்குவோம். மற்றவர்கள் தாய் தகப்பனிடம் போய்விட்டு அடுத்த கிழமைதான் ஸ்கூலுக்கு வருவார்கள். நான் இறங்குமுன் லூர்தம்மா மாமியிடம் நீங்கள் உங்கள் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் பிராண்டேக்கு வருவேன். சொல்லாவிட்டால் நேரே ஓல்போர்க் பக்கம் ஸ்கூலுக்குப் போய்விடுவேன். கிறிஸ்மஸுக்கும் அங்கேதான். லூர்துக்குப் போய்வந்தவளாக அந்த வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்க என்னால் முடியாது.

கோபத்தோடு எழுதினாலும் உங்கள் மகள்தான்.

அமலராணி


ஷங்காய்
22.10.85

அன்புள்ள அப்பாவுக்கு,

நடுவில் சூச்சோவில் ஐந்து நாள். வாய்க்கால், கல்லுப் பாலம், பட்டுத் துணி செய்கிற இடம். நல்ல ஊர். கண்ணுக்குத்தான் நல்லது, மனம் எங்கேயோ நின்றது.

இங்கே வந்ததும் உங்கள் பதினாலாம் திகதிக் கடிதம் காத்திருந்தது. என் சியான் கடிதம் உங்களுக்குக் கிடைக்குமுன் எழுதியிருக்கிறீர்கள். சட்டைப் பைக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு திரிகிறீர்கள் என்று வாசித்தபோது உங்களில் இரக்கமும் வந்தது. சீன எழுத்து இல்லாத போத்தல் என்று வாசித்தபோது அது போய்விட்டது.

நேற்றுப் பின்னேரம் எல்லோரும் கடைத் தெருவுக்குப் போனார்கள். நான் யென்ஸிடம் சொல்லிவிட்டு, இங்கே எங்களுக்கு வழிகாட்டியாக வந்த ஷென் என்கிற பெண்ணோடு ஒரு கோவில் தேடிப் போனேன். ஷென்னுக்குக் கோவில் பழக்கம் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று என்னைக் கேட்டாள். உள்ளே நாலைந்து கிழவிகள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்கிறது என்று எழுதுகிறேன், அது பாட்டுத்தான். இழுத்து இழுத்து, பெரிய வெள்ளியில் எங்கள் ஊரில் பசாம் ஒப்பாரி பாடுவதுபோல. ஒரு சொல் விளங்கவில்லை. எந்த இடத்தில் அருள்நிறை மரியே முடிகிறது என்பது மட்டும் விளங்கியது. நானும் முழந்தாளிட்டுத் தமிழில் சேர்ந்துகொண்டேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சீனாவில் என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்காத முதல் இடம்.

செபம் முடிந்தபிறகு கோவிலைப் பார்க்கிற கிழவியிடம், ஒரு பெயருக்குப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று ஷென் மூலம் கேட்டேன். கிழவி பென்சிலை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள். ஷென் அதை எனக்குச் சொல்லக் கொஞ்சம் தயங்கினாள். இருப்பவரா, இறந்தவரா என்று கேட்கிறாள் என்றாள்.

அப்பா, எனக்கு அந்தோனிமுத்து அண்ணாவை முகம்கூடத் தெரியாது. பட்டாளம் கொண்டு போய்ப் பத்து மாதம். நாங்கள் எல்லோரும் மனதுக்குள் என்ன நினைக்கிறோம் என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கிழவி பென்சிலோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இருப்பவர் என்று சொன்னேன். இன்று விடியப் பூசைக்குப் போனேன். லத்தீன் பூசை. சுவாமி வாசித்ததில் அந்தோனியுஸ் என்று ஒரு சொல் காதில் விழுந்தது. அழுகை வந்துவிட்டது.

ஹோட்டலுக்கு வந்தவுடன் லூர்தம்மா மாமிக்கு படம் போட்ட ஒரு தபால் மட்டை எழுதிப் போட்டுவிட்டேன். எல்லாம் எழுதியிருக்கிறேன். அதை அவவுக்கு வாசித்துக் காட்டப் போவது நீங்கள்தான் என்று தெரிந்தே எழுதினேன். கோபம் வந்தால் வரட்டும். அந்த மட்டையில் இருக்கிறதை இருக்கிறபடி வாசிப்பதும், வேறு விதமாக வாசிப்பதும் உங்கள் கையில். மாமிக்குத் தெரியவராது. எனக்குத் தெரிந்துவிடும், உங்கள் முகத்தைப் பார்த்தால்.

தண்ணீர் எடுத்துவர மாட்டேன்.

உங்கள் மகள்
அமலராணி


பிராண்டே
25.10.85

அன்பு மகளுக்கு,

உன் சியான் கடிதம் நேற்று வந்தது. இதை நீ கடைசியாகத் தங்குகிற ஹொங்கொங் ஹோட்டலுக்கு அனுப்புகிறேன். மேலே ஒன்றும் எழுதவில்லை, கவனி.

கிர்ஸ்டனுக்குச் சொல். வெட்கம் இல்லை. பயம். ஒரு பெட்டையை வைத்திருக்கிற தகப்பனுக்கு ஊரிலும் பயம், இங்கேயும் பயம். ஊரில் சித்தி, பெரியம்மா என்று நாலு பேர் உனக்காகக் கதைப்பார்கள். இங்கே நான் ஒருவன்.

நேற்று வேலை விட்டதும் நேரே லூர்தம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். அவ அப்பம் சுட்டுத் தந்தா. சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். இன்றும் போனேன். இன்று தேத்தண்ணி மட்டும். படியிறங்கும்போது, "தம்பி ஏதோ சொல்ல வந்த மாதிரிக் கிடக்கு" என்றா. குளிர் வரப்போகுது அக்கா என்றேன்.

மேரிசெலின் ரீச்சர் வந்து பேசி முடியும்வரை பொறுக்க மாட்டாயா? அதற்குப் பிறகு நான் தெருவில் நின்று சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். ஸ்கூலுக்குப் போகாதே. வீட்டுக்கு வா. உன் அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறேன்.

அப்பா


பிராண்டே
3.11.85

என் அன்பு மகள் அமலராணிக்கு,

நேற்றுப் பின்னேரம் நீ கஸ்ட்ரப்பில் இருந்து டெலிபோன் எடுத்து, "சொன்னீங்களோ?" என்று மட்டும் கேட்டாய். நான் ஓம் என்றேன். "நீங்களாகவோ?" என்றாய். அதற்கு நான் இல்லை என்று சொல்லுமுன் காசு முடிந்து டெலிபோன் நின்றுவிட்டது. நீ ஸ்கூலுக்குத்தான் போயிருப்பாய். அதனால் அங்கே எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பிறகு நீ முடிவெடு.

உன் மட்டை வியாழக்கிழமை வந்தது. பவளராணி அதைக் காணாமலே வேலைக்குப் போய்விட, லூர்தம்மா அக்கா அதைச் சேலைத் தலைப்பில் பொத்திக்கொண்டு வந்தா. சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. யன்னல் பக்கம் கொண்டுபோய்ப் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்து, "இதுதான் லூர்து மலையோ தம்பி? படிக்கட்டெல்லாம் கட்டியிருக்கு" என்றா. பெருஞ்சுவர். நான் ம் என்றேன்.

மட்டையைத் திருப்பினேன். உன் எழுத்து. முதல் வரியிலேயே நான் லூர்துக்குப் போகவில்லை மாமி என்று எழுதியிருந்தாய். உன்னிடம் மறைக்க மாட்டேன். நான் வேறு விதமாகத்தான் வாசிக்கத் தொடங்கினேன். "அன்புள்ள மாமிக்கு, லூர்திலை இருந்து எழுதுகிறேன்" என்று வாசித்தும்விட்டேன். அவ கண்ணை மூடிக்கொண்டு கை கூப்பினா. அப்போது அடுத்த வரிக்குப் போன என் கண்ணில் அந்தோனிமுத்து என்ற பெயர் பட்டது. அதற்குப் பக்கத்தில் இருப்பவரா இறந்தவரா என்ற கேள்வி. அதோடு வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"என்ன தம்பி, எழுத்து விளங்கேல்லையோ?" என்றா.

"விளங்குது அக்கா. நான் பிழையா வாசிச்சிட்டன். திருப்பி வாசிக்கிறன்" என்றேன்.

முதலில் இருந்து கடைசிவரை, நீ எழுதியபடி வாசித்தேன். சீனா என்று வாசித்தேன். அப்பா சொன்னது பொய் என்று நீ எழுதியதையும் என் வாயால் வாசித்தேன். இருப்பவர் என்று சொன்னேன் மாமி என்ற வரியையும் வாசித்தேன். அவ அந்த இடத்தை மட்டும் இன்னொருக்கா வாசிக்கச் சொன்னா. வாசித்தேன்.

பேசுவா, திட்டுவா என்று பார்த்தேன். மட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டா. பிறகு கேட்டா, "அப்ப நீர் எனக்கு இவ்வளவு நாளும் வாசிச்ச கடிதங்களும் இப்பிடித்தானோ?"

மகளே, இதை நான் நினைத்தும் பார்க்கவில்லை. மன்னார்க் கடிதம், சுவாமியாரின் கடிதம், முகாமில் பெயர் இல்லை என்று வந்த கடிதம் எல்லாவற்றையும் அவவுக்கு வாசித்தது இந்த வாய்தான். "மாதா ஆணை, ஒரு எழுத்தும் மாத்தேல்லை அக்கா" என்றேன். "மாதாவை விடும்" என்றுவிட்டு எழும்பிப் போய்விட்டா. கதவை மெதுவாகத்தான் சாத்தினா. அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் உன் ஷங்காய்க் கடிதம் வந்தது. வாசித்தேன். நீ கெட்டிக்காரி. உன் அம்மாவும் இப்படித்தான் என்னை மூலைக்குள் விடுவாள்.

அன்றே மேரிசெலின் ரீச்சருக்கும் டெலிபோன் எடுத்தேன். லூர்து இல்லை, சீனா என்றேன். "அதென்ன அண்ணை, சீனாவிலை என்ன கோயில்?" என்றா. கோவிலுக்கு இல்லை, சுற்றிப்பார்க்க என்றேன். கூட்டத்தில் எத்தனை பொடியள் என்று கேட்டா. பாதிக்குப் பாதி என்றேன். யோசித்துச் சொல்லுறம் என்று வைத்துவிட்டா. இன்னும் எடுக்கவில்லை. எனக்குக் கவலை இல்லை என்று எழுத விருப்பம். கவலைதான். ஆனால் உன் பெருஞ்சுவர்க் கதையை நேற்றுச் சனிக்கிழமை மேலதிக வேலைக்குப் போன இடத்தில் சாப்பாட்டு நேரம் எல்லோருக்கும் சொன்னேன், டேனிஷ்காரருக்கும் சேர்த்து. பின்னல் இழுத்த இடத்தில் மேசையே குலுங்கிச் சிரித்தார்கள். நெடுநாளைக்குப் பிறகு சோறு இறங்கியது.

நேற்று இரவு ஹெர்னிங்கில் ஆத்துமாக்கள் பூசை. பூசைக்கு முன் வழக்கம்போல வாசலில் ஒரு மேசை போட்டு எங்கள் ஆட்களின் மரித்தவர்களை எழுதிக்கொண்டிருந்தேன். லூர்தம்மா அக்கா வரமாட்டா, வந்தாலும் என்னிடம் வரமாட்டா என்று நினைத்தேன். பவளராணியின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்தா. முன்னால் வந்து நின்று சொன்னா, "மகளைக் கொண்டு கடிதமெல்லாம் திருப்பி வாசிப்பிச்சனான். நீர் வாசிச்ச மாதிரித்தான் எல்லாம் கிடக்கு."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "சொல்லுங்கோ அக்கா" என்றேன்.

புருசனின் பெயரைச் சொன்னா. எழுதினேன். தாய், தகப்பன். எழுதினேன். சிறு வயதில் கடலில் போன தமையன். எழுதினேன். பிறகு நிறுத்தினா. பின்னால் நின்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். செபமாலையில் அவவுக்குப் புத்தி சொன்ன இரண்டு பேரும் அந்த வரிசையில்தான் நின்றார்கள். நான் பேனையைத் தாளிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அவ்வளவுந்தான் தம்பி" என்றா. "வேறை ஒருத்தரும் இல்லை. பிள்ளை சொல்லியிருக்கு, பிள்ளை பொய் சொல்லாது."

நான் கோடு போட்டு அடுத்த ஆளை எழுதினேன்.

பூசை முடிந்து வரும்போது, நீ எப்போது வருவாய் என்று கேட்டா. தெரியாது அக்கா என்றேன். அவவுக்கு உன்னைப் பார்க்க வேண்டுமாம். எனக்கும்தான்.

அப்பா
இன்னாசித்தம்பி